செவ்வாய்க்கிழமை வால், வெள்ளிக்கிழமை தலை

இதனால் சகலமான பேருக்கும், விசேஷமாகக் கல்மண்டபம், பனைமரத்தொட்டி, காசிமேடு முதலிய இடங்களில் கலையுணர்ச்சி இல்லாமல் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளும் பொதுஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம், ஜனவரி மாதம் இருபத்திரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, ராயபுரம் கயிற்றுக்கடை ஆசீர்வாதம் அவர்கள் சாம்பல் நிறப் பென்சில் ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணை மூடி ஜெபித்து, ஒரு வஞ்சிர மீனின் வாலை வரையத் தொடங்கினார்.

அதே நேரத்தில் துறைமுகத்தில் சங்கு ஊதியது. வேலைக்காரர்களைக் கூப்பிடுவதற்காக ஊதினார்கள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆசீர்வாதத்துக்கு வயது நாற்பத்தொன்பது. நாசரேத்துப் பக்கத்திலிருந்து இருபது வயதில் பட்டணம் வந்து, கப்பல்காரர்களுக்குக் கயிறும் தாரும் தார்ப்பாயும் விற்றுப் பெரிய மனிதர் ஆனவர். பெரிய மனிதர் ஆன பிறகு சும்மா இருக்க முடியாது அல்லவா? சபைக் கமிட்டிக்குப் போகலாம் என்றால் அங்கே ஏற்கெனவே இரண்டு கட்சி. தேர்தலில் நிற்கலாம் என்றால், அந்த மாதம் ராயபுரத்துச் சுவர் ஒன்று விடாமல் சின்னம் எழுதியாகிவிட்டது. புதிதாக ஒருவர் பேரை எழுத இடமில்லை. மிச்சம் இருந்தது கலை. கலைக்கு வாய் கிடையாது, வேண்டாம் என்று சொல்லாது. அதைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்துக்கொள்ள ஒரு தகர டப்பாவும் அகப்பட்டது. ஒரு சீமைக் கப்பல் சமையல்காரன் அன்பளிப்பாகக் கொடுத்தது. உள்ளே முப்பத்தாறு கலர் பென்சில்கள். கூடவே, கலர் பென்சிலால் தத்ரூபமாக வரைவது எப்படி என்று ஓர் இங்கிலீஷ் புத்தகம். அதில் படங்கள் ஆசீர்வாதத்துக்கு முழுக்க விளங்கின. இங்கிலீஷ் கால்வாசி விளங்கியது. மீதி முக்கால்வாசியைத் தன் மேதையால் நிரப்பிக்கொண்டார்.

புத்தகத்தின் முதல் பாடம் 'ஸ்டில் லைப்'. மேஜைமேல் ஒரு சாராயப் புட்டி, ஒரு கொத்துத் திராட்சை, தலை தொங்கச் செத்துக் கிடக்கும் ஒரு பறவை. இவற்றை உள்ளது உள்ளபடி வரைய வேண்டும். மதுவிலக்கு அமலில் இருந்ததால் சாராயப் புட்டிக்குப் பதில் ஓமவாட்டர் புட்டி வைத்தார். திராட்சைக்குப் பதில் தக்காளி. செத்த பறவைக்கு எங்கே போவது? காக்கையை வைத்தால் அபசகுனம். ஆகவே வஞ்சிரம்.

"இதுக்குத் தமிழ்ல அசையா உயிர்னு பேரு வச்சிருக்கேன்" என்று தென்பாண்டி வியாபாரிகள் ஐக்கிய சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தார்.

மிளகாய் மண்டி ராமசுப்பு சங்கத்தின் காரியதரிசி. கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அசையா உயிர்னா? வாதம் வந்து படுத்தவனையா அண்ணாச்சி வரையப் போறிய?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆசீர்வாதம் சிரிக்கவில்லை. கலைஞனைக் கண்டு உலகம் முதலில் சிரிக்கும் என்று புத்தகத்தில் போட்டிருப்பதாகச் சொன்னார். அப்படி ஒன்றும் போட்டிருக்கவில்லை.

விஷயம் வேறொன்றுமில்லை, ஓர் ஆணி. சங்கத்துக்குப் புதிதாகக் கட்டிய ஹாலில், தலைவர் நாற்காலிக்கு மேலே, எல்லார் கண்ணும் படும் இடத்தில் கொத்தனார் ஓர் ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தான். அதில் எதைத் தொங்கவிடுவது என்பதில் தகராறு. ராமசுப்பு தன் மாமனாரின் போட்டோவைப் பெரிதுபடுத்தி, கன்னத்துக்கும் உதட்டுக்கும் சிவப்புப் பூசித் தயாராக வைத்திருந்தார். ஆசீர்வாதம் ஆட்சேபித்தார். கடைசியில், அங்கத்தினர்களின் கைவேலைகளை மூன்று நாள் காட்சிக்கு வைப்பது, நடுவர் முதலாவது என்று சொல்லும் வேலை ஆணிக்குப் போவது என்று தீர்மானமாயிற்று. அந்த ஆணியில் தொங்குவதற்காகத்தான் ஆசீர்வாதம் பென்சில் பிடித்தார். படம் எதற்கு, அவரே தொங்கினாலும் ஆட்சேபணை இல்லை என்று சொன்ன அங்கத்தினர்களும் உண்டு.

மீனைக் கொடுத்தவள் செல்லம்மா. காசிமேட்டிலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷமாக மன்னார்சாமி கோயில் தெருவில் விற்கிறவள். அன்று காலை ஏழு மணிக்கு வாசலில் கூடையை இறக்கி, மீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிக் காட்டினாள்.

"செவுள பாரு நைனா. வெத்தல போட்ட வாயாட்டம் கீது பாரு. கடல்லேர்ந்து நேரா உன் வூட்டுக்குத்தான் வந்துகினு கீது."

ஆசீர்வாதம் பார்த்தார். டப்பாவில் பன்னிரண்டாம் நம்பர் சிவப்பு இன்னும் கூர் மழுங்காமல் இருந்தது நினைவுக்கு வந்தது. பேரம் பேசாமல் வாங்கினார். செல்லம்மாவுக்கே சந்தேகம் வந்தது. நைனாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று அவர் மனைவியிடம் விசாரித்துவிட்டுப் போனாள்.

மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, இடது பக்கம் ஓமவாட்டர், நடுவில் மீன், வலது ஓரம் தக்காளி என்று வைத்தார். மீனின் வால் இடது பக்கம், தலை வலது பக்கம். செவுளைத் திறந்து, மூடிக்கொள்ளாமல் ஓர் ஈர்க்குச்சியை முட்டுக் கொடுத்தார். வலதுகைக்காரர்கள் இடமிருந்து வலமாக வரைந்துகொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் வரைந்த இடத்தில் கை பட்டுத் தீற்றிவிடும் என்று புத்தகத்தில் இருந்தது. அவருக்கு விளங்கிய கால்வாசியில் இது ஒன்று. எல்லாக் கேடும் இதிலிருந்து வந்தது.

ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். கை அசாத்தியமான கை. முப்பது வருஷம் கயிற்றில் பிரி எண்ணிப் பழகிய கண். ஒரு பிரி குறைந்தால் பத்தடி தூரத்திலிருந்து சொல்லிவிடும். பென்சிலை அழுத்தாமல், முதலில் சாம்பல், அதன்மேல் நீலம், அதன்மேல் லேசாகப் பச்சை என்று படலம் படலமாக ஏற்றினார். டப்பாவில் வெள்ளி நிறம் இல்லை. மீனின் மினுமினுப்பைக் காகிதத்தின் வெண்மையை விட்டுவைத்தே கொண்டுவர வேண்டும். ஓர் இடத்தில் தவறிப் பூசினால் திரும்ப எடுக்க முடியாது. தவறவில்லை. குறை அவர் கையில் இல்லை. கைக்கு மேலே, கழுத்துக்கும் மேலே இருந்தது.

அப்படி வரைந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? செவ்வாய்க்கிழமை முழுதும் உட்கார்ந்து புட்டியையும் வாலையும் முடித்தார். வால் அற்புதமாக வந்தது. தொட்டால் துள்ளும் போல.

புதன்கிழமை முதுகு. நீல ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. உள்ளது உள்ளபடி என்று அதையும் வரைந்தார்.

வியாழக்கிழமை வயிறு. அது முந்தின நாள் இருந்த அளவில் இல்லை, கொஞ்சம் உப்பியிருந்தது. உப்பலையும் வரைந்தார். அவர் மனைவி ஞானபாக்கியம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னங்க, நாறுது. கொஞ்சம் உப்பாவது போடட்டுமா?"

"உப்புப் போட்டா நிறம் மாறிப் போகும்ளா."

"இப்ப மட்டும் மாறாமலா இருக்கு?"

"கலைஞன் பாக்கிறது உனக்குத் தெரியாது."

"பாக்கிறது தெரியாது. மோக்கிறது தெரியுது." அவள் ஒரு பெட்டியில் நாலு புடைவையை வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை தலை. பன்னிரண்டாம் நம்பர் சிவப்பைச் சீவி எடுத்துக்கொண்டு செவுளைப் பார்த்தார். சிவப்பு இல்லை. இருபத்தேழாம் நம்பர் பழுப்புதான் இருந்தது. ஒரு கணம் கை தயங்கியது. நினைவிலிருந்து சிவப்பைப் போட்டுவிடலாமே? கூடாது, கண்ணுக்குத் தெரியாததைப் போடுவது கலப்படம். மற்ற சரக்கில் கலப்படம் பற்றி அவர் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. பழுப்பையே போட்டார். கண் குழி விழுந்து, மேலே பால் படர்ந்த மாதிரி இருந்தது. அந்தப் பாலைக் கொண்டுவர வெள்ளைப் பென்சிலை ஒன்றரை மணி நேரம் தேய்த்தார். தன்னையே மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, சுருங்கிப்போன தக்காளியை வரைந்து, வலது மூலையில் கையெழுத்துப் போட்டு, மீனைக் கொல்லையில் எறிந்தார். தெருப்பூனை ஒன்று வந்து முகர்ந்து பார்த்தது. பிறகு ஆசீர்வாதத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அன்று பிற்பகல் படத்தைச் சங்கத்துக்குக் கொண்டுபோனபோது ராமசுப்பு கேட்டார்: "இதை வரைய எத்தனை நாள் ஆச்சு அண்ணாச்சி?"

கேட்டவர் சும்மாதான் கேட்டார். ஆனால் தேர்ந்த கை மூன்று மணி நேரத்தில் ஒரு படத்தை முடிக்கும் என்று அந்தப் பாழாய்ப்போன புத்தகத்தில் இருந்தது.

"நாளா?" என்றார் ஆசீர்வாதம். "மூணு மணி நேரம். உக்காந்தேன், எந்திரிச்சேன்."

அதோடு விட்டிருக்கலாம். படத்தின் கீழே ஒட்ட ஓர் அட்டையும் எழுதினார். முப்பது வருஷமாக மூட்டைக்கு மூட்டை சீட்டு எழுதிய கை. சரக்கு இன்னது, வந்த இடம் இன்னது என்று போடாமல் அதற்கு ஓடாது. ஆகவே எழுதினார்:

'அசையா உயிர். ஒரே அமர்வில், மூன்றே மணி நேரத்தில், கண்டது கண்டபடி தீட்டியது: கே. ஆசீர்வாதம். சரக்கு: வஞ்சிரம் ஒன்று. வரவு: கூடைக்காரி செல்லம்மா, மன்னார்சாமி கோயில் தெரு.'

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காட்சி திறந்தது. கிளி தைத்த தலையணை உறை ஆறு இருந்தது. மிளகாய் வற்றலால் செய்த இந்தியா ஒன்று இருந்தது. எதிரே நின்றவர்கள் தேசபக்தியோடு தும்மினார்கள். மாமனார் சிவந்த உதட்டோடு முறைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கூட்டமெல்லாம் மீனின் முன்னால்தான். ஒருவர் ஈயை விரட்டினார். இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் பார்த்தார்கள், அட்டையைப் படிக்கத் தெரிந்தவள் தெரியாதவளுக்குப் படித்துச் சொன்னாள், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆசீர்வாதம் தூணோரம் நின்று இதையெல்லாம் ரசித்தார். மூக்கைப் பிடிக்கிறார்கள் என்றால் எவ்வளவு தத்ரூபம்!

திங்கட்கிழமை செல்லம்மாவின் கூடை போனபடியே திரும்பி வந்தது. "உன் மீனத்தான் சங்கத்துல படம் போட்டு வச்சிருக்காவளே" என்றாள் ஒருத்தி. "செவுளு ஏன் செல்லம்மா அப்படிக் கெடக்கு?" என்றாள் இன்னொருத்தி. பதினெட்டு வருஷமாக அவள் கையால் வாங்கியவர்கள், செவுளைத் தாங்களே தூக்கிப் பார்த்தார்கள். பார்த்த பிறகும் வாங்கவில்லை. செல்லம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று சங்கத்து வாட்ச்மேன் மாசானத்திடம் கேட்டாள். அவன் படித்துச் சொன்னான். நேரே கயிற்றுக் கடைக்கு வந்தாள்.

"இன்னா நைனா, எம் பேர எதுக்கு அதுல இஸ்துக்கினு வந்த?"

"உனக்குப் பெருமைதானே செல்லம்மா?"

"கெட்ட மீனு வித்தவளாம்னு ஊரு சிரிக்குது, பெருமையா? நா குட்த்தது நல்ல மீனு. நீ அத்த நாலு நாளா வச்சிக்கினு குந்திகினு இருந்தத்த நானே போவசொல்லோ வாசலாண்ட பாத்தேன். அழுவின மீனத்தான் வரஞ்சிக்கீற. மீனு நல்ல மீனுதான், நாந்தான் நாலு நாளு வச்சி வரைஞ்சேன்னு ஒரு வார்த்த எழுதிப் போடு. என் பொழப்பு அதுல கீது."

ஆசீர்வாதம் யோசித்தார். நாலு நாள் என்று எழுதினால் மூன்று மணி நேரம் பொய். மூன்று மணி நேரம் பொய் என்றால் ஆணி போயிற்று. ஒரு பக்கம் செல்லம்மாவின் பதினெட்டு வருஷம். மறுபக்கம் ஓர் ஆணி. அதிக நேரம் யோசிக்கவில்லை.

"கலை விஷயம் உனக்குப் புரியாது. நாளைக்கு நடுவர் வருவார். அதுக்கப்புறம் பாத்துக்கலாம், போ."

"அவரு முன்னாலயே பாத்துக்கலாம் நைனா" என்று சொல்லிவிட்டுச் செல்லம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

நடுவராக ஒரு கல்லூரிப் பேராசிரியரைக் கூப்பிட்டிருந்தார்கள். மிளகாய் இந்தியாவைப் பற்றி முன்கூட்டியே கேள்விப்பட்டு அவருக்கு ஜலதோஷம் வந்துவிட்டது. எனவே சுகாதார இன்ஸ்பெக்டர் கோதண்டத்தை நடுவராக்கினார்கள். கலைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அங்கத்தினர் அத்தனை பேர் கடைக்கும் லைசென்சுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். அவருடைய ரசனையைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கோதண்டம் காக்கிக் கால்சட்டையோடு வந்து மாலை போட்டுக்கொண்டார். கிளிகளைக் கடந்தார். இந்தியாவின் முன் தும்மினார். மாமனாருக்கு ஒரு கும்பிடு போட்டார். மீனின் முன்னால் வந்து நின்றவர், நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

ஆசீர்வாதம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஆணியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

"மிஸ்டர் ஆசீர்வாதம், இது மூன்று மணி நேரத்தில் வரைந்ததா?"

"ஒரே அமர்வுல, சார்."

"அப்படியென்றால் வாங்கும்போதே மீன் இப்படித்தான் இருந்ததா?"

ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் செல்லம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், தண்டையார்பேட்டையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய ஞானபாக்கியம். ஆசீர்வாதம் இருவரையும் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

"கண்டது கண்டபடிதான் சார் வரைவேன். மீன் எப்படி வந்துச்சோ அப்படி."

"அடப் பாவி நைனா!" செல்லம்மா விறுவிறுவென்று உள்ளே வந்து படத்தின் முன்னால் நின்றாள். முதல் தடவையாக இப்போதுதான் அதைப் பக்கத்தில் பார்க்கிறாள். பிறகு, கூடையில் கிடக்கும் மீனைத் தொடுகிற மாதிரி, வாலில் விரலை வைத்தாள்.

"இன்ஸ்பெட்டரு சார், தோ பாரு. இந்த வாலு கீது பாரு, வாலு. வெறப்பா, பளபளன்னு. இது நா குட்த்த மீனு. செவ்வாக் கெழம மீனு." விரல் நகர்ந்தது. "முதுகாண்ட வா. மினுக்கு போயிட்ச்சி, ஈ குந்திகிச்சி. புதங்கெழம. வயிறு பாரு, ஊதிக்கினு. வியாயங்கெழம. செவுளு, கண்ணு... கலீஜ்! இது வெள்ளிக்கெழம. ஒரே மீனு, ஒரே வேளைல, வாலு உசிரோடவும் தல அழுவியும் எந்தக் கடல்ல சார் கீது? மீனு அழுவுனா தலேலேர்ந்துதான் அழுவும், மெய்தான். ஆனா வாலு இப்டி துள்ளிக்கினா இருக்கும்?"

கோதண்டம் குனிந்து வாலைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். நாள்காட்டியைக் கிழிப்பது போல ஒவ்வொன்றாகத் தலையசைத்துக்கொண்டே போனார்.

"கூடைக்காரி பேச்சு சார்" என்றார் ஆசீர்வாதம். "கலையைப் பத்தி..."

"வியாழக்கிழம நான் தங்கச்சி வீட்டுக்குப் போனேன்" என்றாள் ஞானபாக்கியம், யாரிடமும் இல்லாமல். "நாத்தம் தாங்காமத்தான் போனேன். அன்னைக்கு வயித்தை வரைஞ்சுக்கிட்டு இருந்தாவ."

ராமசுப்புவுக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார்.

"ஏளா, நீ உள்ள போ" என்றார் ஆசீர்வாதம்.

"எந்த உள்ள? இது சங்கம்" என்றாள் அவள்.

ஆசீர்வாதம் சுற்றிலும் பார்த்தார். இன்னும் ஒரு வழி இருப்பதாக அவருக்குத் தோன்றியது. "சரி, நாலு நாள்தான் சார். நாலு நாள் உழைப்பு! ஆனா படம் தத்ரூபமா இல்லையா? அதைச் சொல்லுங்க!"

"தத்ரூபமா?" கோதண்டம் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மிஸ்டர் ஆசீர்வாதம், நான் இருபத்தொரு வருஷமாக மார்க்கெட்டில் மீன் பார்க்கிறேன். நல்ல மீன் கெட்ட மீனாவதை வால் முதல் தலை வரை இப்படி வரிசையாக யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. எங்கள் இலாகாவிலே நோட்டீசு அச்சடித்து ஒட்டுகிறோம், ஒருத்தரும் படிப்பதில்லை. இது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்குகிறது. இதற்குத்தான் முதலிடம். இதை நான் எடுத்துக்கொள்கிறேன்."

ஆசீர்வாதத்தின் முகம் மலர்ந்தது. "ஆணிக்கு?"

"மார்க்கெட்டுக்கு."

சங்கத்துக்கு மூன்று நாளில் பைசல் ஆகாத தகராறு மூன்று நிமிஷத்தில் பைசல் ஆயிற்று. முதலிடம் பெற்ற வேலை சங்கத்தை விட்டே போய்விட்டபடியால் இரண்டாவது இடத்தை, அதாவது தன் மாமனாரை, ஆணியில் மாட்டலாம் என்று ராமசுப்பு பிரேரேபித்தார். கிளிக்காரர்கள் ஆதரித்தார்கள். அட்டையைச் செல்லம்மா கிழித்து, முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

ஆசீர்வாதம் வீடு திரும்பும் வழியெல்லாம் ஞானபாக்கியத்திடம் சொல்லிக்கொண்டே வந்தார்: மார்க்கெட்டில் தினம் ஆயிரம் பேர் வருவார்கள்; சங்கத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? ஆயிரம் பேர் பார்வையில் தன் கையெழுத்து! கலை மக்களுக்காக என்று அவர் எப்போதுமே சொல்லிவந்திருக்கிறார். அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஞானபாக்கியம் வீட்டு ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

படம் இப்போதும் மீன் மார்க்கெட்டில், பெரிய தராசுக்கு மேலே தொங்குகிறது. தலைக்குக் கீழே 'இப்படி இருந்தால் வாங்காதீர்கள்' என்றும், வாலுக்குக் கீழே 'இப்படி இருந்தால் வாங்குங்கள்' என்றும் எழுதியிருக்கிறது. செல்லம்மா அதன் எதிரே கூடையை இறக்கி, வாலைக் காட்டி வியாபாரம் செய்கிறாள். கண்ணாடிச் சட்டம் கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டதால், கையெழுத்து இருந்த ஓரத்தை வெட்டிவிட்டார்கள்.